பின்னாடி யாரு உக்காருவாங்க?

நான் பத்தாவதோடு நின்றவள். மளிகைக்குச் சீட்டு எழுதுவதைத் தவிர வேறு எழுத்து எனக்குப் பழக்கமில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவரைப் பற்றி எங்கள் ஊரில் இன்றைக்கும் தப்பாகவே பேசிக்கொள்கிறார்கள். உண்மையை அவர் வாயால் கேட்டவள் நான் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன்.

அவர் ஆரணியில் எங்கள் தெருமுனையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். நான் அண்ணா என்பேன். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. யாராவது அதைப் படித்துவிட்டுத் தேடி வந்துவிடுவார்களோ என்று பயப்படுவார். அப்படிப்பட்ட மனிதர். கேஸ் சிலிண்டரை வீட்டுக்கு வெளியே மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு, குழாயை ஜன்னல் வழியாக அடுப்புக்குக் கொண்டுபோயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சில் கதவோரமாகத்தான் உட்காருவார். கேட்டால், "பழைய கட்டடம் மா, யாரு கண்டது?" என்பார். எதிர்க்கடை டீ மாஸ்டர் அவரைப் பார்த்தாலே, "மேஸ்திரி, டீ சூடா இருக்கு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு குடி" என்பார்.

ஆனால் அவருடைய பெரிய பயம் இன்ஜின்தான். வழியில் நின்றுபோகிற இன்ஜினைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

"நின்னா தள்ளிகினு வந்துடலாம். ஓடிகினே இருக்கும்போது உள்ள ஜாம் ஆவுது பாருங்க, அதான் பேஜாரு. பின்னாடி வீலு அப்படியே புடிச்சுக்கும். ஓட்றவன் கையில ஹேண்டிலாவது இருக்கும். பின்னாடி ஒக்காந்துகினு இருக்கறவங்க இன்னாத்தப் புடிப்பாங்க?"

இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. பின்னால் உட்காருகிறவள் நான். எப்போதாவது என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறினால், இரண்டு கையாலும் சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே ஓடுகிற தார் ரோட்டைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்வேன். மேஸ்திரி சொன்னதைக் கேட்ட பிறகு அந்தக் கம்பியையும் நம்ப முடியவில்லை.

ஒரு வண்டி வந்தால் அவர் உடனே அதைத் தொடமாட்டார். வண்டிக்காரரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். "இருமுது. ஆனா நெஞ்சு சுத்தமா இருக்கு" என்பார். "உள்ள யாரோ பல்லக் கடிக்கிறாங்க" என்று சொன்னால் நிலைமை மோசம் என்று அர்த்தம். பிரித்து மாட்டிய இன்ஜினை முதல் முறை உதைப்பதற்கு முன் சிலுவை போட்டுக்கொள்வார். அது சீராக ஓடத் தொடங்கினால் மற்ற மெக்கானிக்குகளாக இருந்தால் சந்தோஷத்தில் சிரிப்பார்கள். இவர் முகம் இன்னும் சுருங்கும்.

"பொகை நின்னுச்சி, சத்தம் அடங்கிச்சி, அதான் பயமே. போரிங் பண்ணி மேல புது பிஸ்டனப் போட்டுட்டோம். கீழ கிராங்க் பழசு. மேல இருக்கற புதுசு கீழ இருக்கற கிழத்தப் போட்டு அடிக்கும். எத்தினி நாளு தாங்கும்?"

கிராங்க் என்பது பிஸ்டன் மேலும் கீழும் குதிப்பதைச் சுழற்சியாக மாற்றிச் சக்கரத்துக்கு அனுப்புகிற தண்டு என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அது இருப்பதோ இன்ஜினின் அடிவயிற்றில். அதை மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் பிரித்தாக வேண்டும். அந்த அளவுக்குப் போவதற்கு வேறு இன்ஜினே வைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். சிலிண்டரைக் கடைந்து போரிங் செய்து மேல்பாகத்தை மட்டும் சரிசெய்வதா, முழுக்கப் பிரித்துக் கட்டுவதா, இன்ஜினையே மாற்றுவதா? வருகிற எல்லாரும் கேட்பது இதைத்தான். அவர் பதில் சொல்லமாட்டார். திருப்பி ஒன்று கேட்பார்.

"பின்னாடி யாரு உக்காருவாங்க?"

ஒரு முறை பட்டுக்கடைக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டார். "யோவ், நான் கேட்டது போரிங் பண்ணா போதுமான்னு. நீ இன்னாடான்னா என் குடும்பத்தப் பத்திக் கேக்கற. ரேஷன் கார்டக் கொண்டாரட்டா?"

"கொண்டாங்க, நல்லதுதான்" என்றார் மேஸ்திரி, முகம் மாறாமல்.

இன்னொரு முறை எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்தான். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, கழுத்தில் புதுச் சங்கிலி. "இந்த இன்ஜின நம்பி ஓட்டாதப்பா, மாத்திடு" என்றார் மேஸ்திரி.

"போன மாசம் நீதான மேஸ்திரி தாராளமா ஓட்டுன்னு சொன்ன? அதுக்கப்பறம் வண்டிய வெளியவே எடுக்கலயே. இப்ப இன்னா ஆச்சி?"

"கல்யாணம் ஆயிடுச்சே."

டீக்கடை முழுக்கச் சிரித்தது. பையன் வெட்கப்பட்டுக்கொண்டே இன்ஜினை மாற்றச் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அன்றைக்கு மேஸ்திரியின் மேல் மரியாதை கூடியது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலே அவளுக்காக ஒருவர் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

ரிடையரான போஸ்ட்மேன் ஒருவருடைய வண்டியை மட்டும் அவர் மாற்றச் சொன்னதே இல்லை. அது மாதம் ஒரு முறை வரும். வந்தால் ரோடே தெரியாத அளவுக்குப் புகை. ஏதோ ஒட்டுப் போட்டு அனுப்பிவிடுவார். "அவரு தனியாதான் போறாரு" என்பார். ஒரு முறை அந்தப் பெரியவர் எங்கோ விழுந்து, முழங்கை தோல் உரிந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேஸ்திரி காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, அதே இன்ஜினுக்கு மறுபடியும் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். அப்போது எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

அவருடைய சொந்த வண்டியில் பின்னால் உட்காருகிறவர்கள் கால் வைப்பதற்கான கட்டைகள் இரண்டையும் கழற்றி வைத்திருந்தார். யாராவது வழியில் ஏற்றிக்கொள்ளச் சொன்னால், "கால் வெக்க எடமில்லபா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இதற்கு ஊரில் ஒரு கதை இருந்தது. வாலிபத்தில் தானே பிரித்துக் கட்டிய வண்டியில் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு போளூர் ரோட்டில் போனாராம். இன்ஜின் ஜாம் ஆகி அந்தப் பெண் விழுந்து செத்துப்போனதாம். அதிலிருந்துதான் இப்படி ஆகிவிட்டார் என்பார்கள். சிலர் தங்கச்சி இல்லை, கட்டிக்கொள்ள இருந்த பெண் என்பார்கள். அவரிடம் யாரும் கேட்டதில்லை.

இனி எங்கள் வண்டிக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். எங்கள் தெருவில் வண்டியின் பின் சீட்டு மூட்டைக்குத்தான். சாயம் போட்ட நூலை வாங்கி வருவது, நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது, எல்லாம் அதில்தான். கட்டுகிற ரப்பர் கயிறு எப்போதும் சீட்டிலேயே சுற்றிக் கிடக்கும். ஆடி மாதத்தில் ஊரெல்லாம் கல்யாணம் இல்லாமல் சும்மா இருக்கும். எங்களுக்கு அப்போதுதான் ஆவணி முகூர்த்தத்துக்கான சேலைகள் கழுத்தைப் பிடிக்கும். அந்த மாதம் பார்த்து வண்டி புகைய ஆரம்பித்தது. ஏற்றத்தில் இழுக்கவில்லை. மேஸ்திரி கேட்டுவிட்டு, உள்ளே பல்லைக் கடிக்கிறது என்றார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"யாரும் இல்ல மேஸ்திரி. நூல் மூட்டைதான்" என்றிருக்கிறார் என் வீட்டுக்காரர்.

வேறு தெருக்காரர் யாராவது அதைச் சொல்லியிருந்தால் மேஸ்திரி சந்தேகப்பட்டிருப்பாரோ என்னவோ. சீட்டில் ரப்பர் கயிறும், சாயம் ஊறிய கறையும் இருந்தன. நம்பிவிட்டார். முழுக்கப் பிரித்தால் வண்டி ஒரு வாரம் கடையிலேயே கிடக்கும், சேலைகள் தேங்கும் என்பது என் வீட்டுக்காரரின் அவசரம். மேஸ்திரி போரிங் மட்டும் செய்து புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்தார். "கிராங்க் பழசுதான் ணா. நாப்பதத் தாண்டாதீங்க. ஆள ஏத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். இது எதுவும் எனக்குத் தெரியாது. வண்டி நன்றாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து எங்கள் பெண்ணுக்கு டைப்ரைட்டிங் பரீட்சை. சென்டர் எங்கள் பக்கத்துச் சேத்துப்பட்டில். அன்று காலை பஸ்ஸை விட்டுவிட்டாள். "வா, நான் இருக்கேன்" என்று அவளுடைய அப்பா வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் வாசல் தெளித்தேன், பாத்திரம் கழுவினேன், நூல் சுற்ற உட்கார்ந்தேன். மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டது. அதற்கு ஒட்டுப் போட முடியுமா என்று கேட்க மேஸ்திரி கடைக்குப் போனேன்.

பெல்ட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் சேலை குடுக்கப் போயிருக்காரா மா?" என்று கேட்டார்.

"இல்ல ணா. பொண்ணுக்குப் பரீட்சை. வண்டில ஏத்திகினு சேத்துப்பட்டுக்குப் போயிருக்காரு."

அவர் கையிலிருந்த பெல்ட் கீழே விழுந்தது. "பொண்ணயா? அந்த வண்டிலயா?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். நான் அங்கேயே நின்றபடி என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவர் எடுக்கமாட்டார். பெண் தன் போனைப் பரீட்சைக்குக் கொண்டுபோகக் கூடாதென்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். மேஸ்திரி ஷட்டரை இழுத்து விட்டார். பூட்டுப் போட மறந்துவிட்டார்.

"சென்டர் எங்கன்னு எனக்குத் தெரியாது. வாங்க மா, ஜல்தி."

அன்னிய ஆணின் வண்டியில் நான் ஏறியதே இல்லை. தெருவே பார்த்தது. டீ மாஸ்டர்கூட ஒன்றும் சொல்லவில்லை. கால் வைக்க இடமில்லாமல் இரண்டு காலும் தொங்க, பக்கவாட்டில் உட்கார்ந்து சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

ஊரைத் தாண்டியதும் ஆடிக்காற்று எதிரே அடித்தது. "கெட்டியாப் புடிங்க, கெட்டியாப் புடிங்க" என்று அவர் வாய் சொல்லிக்கொண்டே வந்தது. என் புத்தி ரோட்டைத் தவிர வேறெங்கும் போகவில்லை. ஓரிடத்தில் தாரில் கறுப்பாக ஒரு இழுப்பு இருந்தது. சக்கரம் தேய்ந்த தடம். இருவருமே பார்த்தோம். அடுத்த ஊரில் ரோட்டோரம் ஒரே கூட்டம், பெண்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி வண்டியை நிறுத்தி, "யாரு? யாருக்கு இன்னா?" என்று கத்தினார்.

"கூழு ஊத்தறாங்க சாமி. சொம்பு கொண்டாந்தீங்களா?" என்றாள் ஒரு கிழவி.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் மறுபடியும் கிளப்பினார்.

ஒரு ஏரிக்கரை வளைவில் எங்கள் வண்டியைப் பார்த்தேன். புளியமரத்தடியில் ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. என் பெண்ணின் துப்பட்டா மட்டும் சீட்டின்மேல் கிடந்தது.

நான் வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கிவிட்டேன் என்று பிறகு மேஸ்திரி சொன்னார். எனக்கு நினைவில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கத்தியது நினைவிருக்கிறது. ஊரில் யாரும் என் குரலை அவ்வளவு உரக்கக் கேட்டிருக்கமாட்டார்கள்.

"இன்னாம்மா?" என்று மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள். அவள் பின்னாலேயே அவளுடைய அப்பா, கையில் தண்ணீர் பாட்டிலோடு. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இன்ஜின் கொதித்ததால் தண்ணீர் தேடிக் கீழே இறங்கியிருக்கிறார்கள்.

"டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சி மா" என்றாள் பெண். "ஒடனே அப்பா கிளட்ச்சப் புடிச்சி நிறுத்திட்டாரு. ‘ஜாம் ஆனா நீ இன்னாத்தப் புடிப்ப’ன்னு மேஸ்திரி மாமா மாதிரியே பேசறாரு. எனக்கு நேரமாவுது மா."

என் வீட்டுக்காரர் மேஸ்திரியின் முகத்தைப் பார்க்கவில்லை. "மேஸ்திரி, அது வந்து, அன்னிக்கு அவசரத்துல..."

மேஸ்திரி அவரைத் திட்டவில்லை. இன்ஜின் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய், தொடாமலே எடுத்துக்கொண்டார். பிறகு தன் சாவியை நீட்டினார். "பரீட்சை போய்டும். என் வண்டில கூட்டிகினு போங்க."

"உன் வண்டிலயா? ரெண்டு பேரா?"

"கிராங்க் புதுசுதான் ணா. நாப்பதுலயே போங்க. போன உடனே அம்மாவுக்குப் போன் பண்ணுங்க."

அவர்கள் போனார்கள். பெண்ணின் கால்கள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு போயின. மேஸ்திரி ரோட்டின் நடுவிலேயே நின்று, சத்தம் கேட்கிற வரைக்கும் கேட்டார். அது மறைந்ததும் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். இரண்டு பயந்தாங்கொள்ளிகளும் ஒரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அடிக்கவில்லை. பேசாமல் இருக்க முடியாமல்தான் கேட்டேன்.

"உங்க தங்கச்சி விழுந்தது இந்த மாதிரிதானா ணா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "எந்தத் தங்கச்சி? எனக்குத் தங்கச்சியே கெடையாது மா. வூட்டுக்கு நான் ஒரே புள்ள."

"அப்ப யாரு விழுந்தது?"

"யாரும் விழல. என் வண்டில யாரும் விழுந்ததில்ல. ஒண்ணும் நடந்ததில்ல மா. நடந்துடுமோன்னுதான்."

ஊர் இத்தனை வருடமாகச் சொன்ன கதையைவிட இது எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஒன்றும் நடக்காமலே ஒருவரால் இவ்வளவு பயப்பட முடியும் என்றால், அந்தப் பயத்துக்கு முடிவே இல்லை அல்லவா?

போன் அடித்தது. சென்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பெண் உள்ளே போய்விட்டாள் என்றார் என் வீட்டுக்காரர். மேஸ்திரி சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குப் பயம் இறங்கியது. அது இறங்கிய இடத்தில், எனக்கே தெரியாமல், கோபம் ஏறியது. அவரிடம் நான் அப்படிப் பேசுவேன் என்று எண்ணியதில்லை.

"ஒண்ணு கேக்கறேன் ணா. அவரு சொன்னது பொய்தான். ஆனா அது நெசமாவே இருந்திருந்தா? பின்னாடி யாரும் இல்லாம தனியாதான் போவாருன்னா, இந்த கிராங்க் போதுமா? எங்க வூட்டுக்காரரு மனுஷன் இல்லயா?"

அவர் மதகுக் கட்டையின் காரையை நகத்தால் சுரண்டினார்.

"அந்தப் போஸ்ட்மேன் தாத்தாவுக்கும் வூட்ல பாட்டி இருக்காங்க ணா. நீங்க அதக் கேக்கவே இல்லயே."

அவர் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டார். பேசியபோது குரல் எப்போதும்போல் தாழ்ந்திருந்தது. ஆனால் இந்த முறை யாரையும் எச்சரிக்கிற குரல் இல்லை.

"நான் தனி ஆளு மா. கடையப் பூட்டிட்டு எப்ப போனாலும், போவாமலே இருந்தாலும், ஏன்னு கேக்க வூட்ல ஆளு இல்ல. தனியா போறவன் விழுந்தா அவனோட முடிஞ்சிடும்னு நெனச்சிட்டேன் போல. எல்லாரையும் என்ன மாதிரியே கணக்குப் போட்டுட்டேன்."

சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். காலையிலிருந்து இல்லை என்றார். கூழ் ஊற்றிய ஊர்ப்பக்கமிருந்து ஒரு மினி லாரி வந்தது. கையைக் காட்டி நிறுத்தினார். வண்டியைப் பின்னால் ஏற்றிக் கட்டினார். என்னை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அவர் வண்டியோடு பின்னால் நின்றுகொண்டு வந்தார்.

மறுநாள் காலை அவர் இன்ஜினைக் கீழே இறக்கினார். ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் வடித்தபோது, கிராங்க் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் தூள், ஜரிகையை நுணுக்கிப் போட்டதுபோல அதில் மின்னியது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, வேறு இன்ஜின் வைத்துவிடச் சொன்னார். பெண் பஸ்ஸில் போய் இரண்டாம் தாளையும் எழுதினாள்.